பூச்சாண்டியைக் கையால் செய்த பிள்ளைகள்

இன்றும் கொஞ்சம் நீளமான பதிவுதான். பொறுமை உள்ளவர்கள் வாருங்கள்.

மகள் வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பாஸ்டனுக்கு மேற்கே ஃப்ரேமிங்ஹாம் என்ற ஊர்ப் பக்கம். இங்கே இப்போது இலையுதிர் காலம். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று நாம் படித்த ஆறு பெரும்பொழுதுகளில் இலை உதிர்வதற்கென்று ஒரு காலம் கிடையாது. வகுப்பில் எத்தனையோ முறை 'இலையுதிர் காலம்' என்று கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். அது எப்படி இருக்கும் என்று அறுபத்தைந்து வயதில்தான் கண்ணால் பார்க்கிறேன்.

போன வாரம் பேத்தியின் பள்ளிப் பையைத் திறந்தால் உள்ளே ஒரு கறுப்பு வௌவால். நான்கரை வயதுக் குழந்தை செய்தது. காகிதத் தட்டை இரண்டாக வெட்டி, கறுப்புச் சாயம் பூசி, இறக்கை. டிஷ்யூ காகிதம் சுற்றி வரும் அட்டைக் குழாய் உடம்பு. ஒரு இறக்கை மேலே, ஒன்று கீழே. கண் மூன்று.

"மூணு கண்ணு எதுக்குடா கண்ணு?" என்று கேட்டேன்.

"ராத்திரி நல்லாத் தெரியணும்ல" என்றாள். நான் தொடத் தயங்குவதாக நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது. "தொடுங்க அம்மாச்சி, கடிக்காது. நான்தான் செஞ்சேன்."

இரண்டு வாரம் முன்பு கடையில் தொங்கிய ரப்பர் முகமூடியைப் பார்த்து அலறி, என் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டவள் இவள். அந்த ஒரு வாக்கியம் என்னைப் பிடித்துக்கொண்டது. தான் செய்ததால் அது கடிக்காது.

ஹாலோவீன் என்றால் வெள்ளைக்காரர்களின் பேய்த் திருவிழா, மிட்டாய்க் கம்பெனிகளின் வியாபாரம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இங்குள்ள பொது நூலகத்தில் உட்கார்ந்து படிக்கப் படிக்க, இதில் வாத்தியார்களின் கை நிறைய இருக்கிறது என்று தெரிந்தது. அதைத்தான் இன்று எழுதுகிறேன். கூடவே என்னுடைய ஒரு பழைய தவறையும் சொல்ல வேண்டியிருக்கிறது. அது கடைசியில்.

*

கதை அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் தொடங்குகிறது. அங்கே பழங்காலத்தில் ஆண்டை இரண்டாகப் பிரித்தார்கள். வெளிச்சமான பாதி, இருட்டான பாதி. நவம்பர் 1 இருட்டுப் பாதியின் தொடக்கம். அந்த நாளுக்குச் சௌவின் என்று பெயர். அறுவடை முடிந்து, கோடையில் மேட்டு நிலத்தில் மேயவிட்ட மாடுகளை வீட்டுக்கு ஓட்டி வரும் நேரம். அவர்கள் கணக்கில் நாள் என்பது முந்தின மாலையிலேயே தொடங்கிவிடும். அதனால் அக்டோபர் 31 இரவுதான் முக்கியம். அந்த இரவில் இந்த உலகத்துக்கும் மறு உலகத்துக்கும் இடையே உள்ள கதவு திறந்திருக்கும் என்று நம்பினார்கள்.

பிறகு கிறிஸ்தவம் வந்தது. நவம்பர் 1 அனைத்துப் புனிதர்களின் திருநாளாகவும், நவம்பர் 2 இறந்த ஆன்மாக்களை நினைக்கும் கல்லறைத் திருநாளாகவும் ஆயின. 'புனிதர்களின் முந்தின மாலை' என்ற பொருளில் வந்த ஆங்கிலச் சொல்தான் சுருங்கி ஹாலோவீன் ஆனது. நம் ஊர்களில் நவம்பர் 2 அன்று கல்லறைகளில் மெழுகுவத்தி ஏற்றும் குடும்பங்களைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு இரண்டு நாள் முன்னே நிற்கும் இரவு இது.

அந்த இரவில் ஸ்காட்லாந்துப் பிள்ளைகள் முகத்தில் கரி பூசி, பழைய துணி சுற்றி, வேஷம் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போனார்கள். சும்மா கையேந்த முடியாது. ஒரு பாட்டோ கதையோ சொன்னால்தான் ஆப்பிளோ கொட்டைப் பருப்போ காசோ கிடைக்கும். இங்கிலாந்தில் ஏழைகளும் பிள்ளைகளும் வீட்டு வாசலில் நின்று, இறந்தவர்களுக்காக ஜெபம் சொல்லி, அதற்கென்று சுட்ட சிறு ரொட்டியை வாங்கிக்கொண்டார்கள். வேஷத்துக்கு ஏன் இந்த இரவு? ஆவி நடமாடும் நேரத்தில் நீயும் ஆவி போல இருந்தால், அது உன்னைத் தன் ஆள் என்று நினைத்து விட்டுவிடும். வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம் இதுதான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

*

இனி விளக்கு. ஹாலோவீன் என்றதும் இன்று நினைவுக்கு வருவது முகம் செதுக்கிய பரங்கிக்காய். ஆனால் அயர்லாந்தில் பரங்கி ஏது? அவர்கள் குடைந்தது டர்னிப் கிழங்கு. பச்சையாக அதைக் குடைந்து பார்த்தவர்களுக்குத்தான் அந்தச் சிரமம் தெரியும், கல் மாதிரி இருக்கும். உள்ளே கரண்டியால் சுரண்டிச் சுரண்டி எடுத்து, கண், மூக்கு, பல் வெட்டி, ஒரு துண்டு மெழுகுவத்தி வைத்தால், சுருங்கிய கிழவனின் மண்டையோடு போல ஒன்று கிடைக்கும். பரங்கி விளக்கு சிரிக்கிறது. டர்னிப் விளக்கு உண்மையிலேயே பயமுறுத்துகிறது.

அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில், டர்லோ பார்க் என்ற இடத்தில் நாட்டுப்புற வாழ்க்கைக்கென்று ஒரு தேசிய அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே டொனகல் மாவட்டம் ஃபின்டவுன் என்ற சிற்றூரிலிருந்து வந்த ஒரு டர்னிப் விளக்கின் அச்சு வார்ப்பு இருக்கிறது. படத்தில் பார்த்தேன். குழி விழுந்த கண்கள், வாயில் உடைந்த பற்கள். அசல் உதிரத் தொடங்கியதால் வார்ப்பு எடுத்து வைத்திருக்கிறார்கள். 1943-இல் அதை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தவர் யார் தெரியுமா? அந்த ஊர்ப் பள்ளி ஆசிரியை. இப்படி விளக்கு செய்யும் பழக்கம் போய்விட்டது, ஊரில் நினைவு மட்டும் இருக்கிறது என்று சொல்லிக் கொடுத்தாராம். அழுகிப் போகும் ஒரு கிழங்கை, பிள்ளைகள் விளையாடிவிட்டு எறியும் பொருளை, அருங்காட்சியகத்துக்கு உரியது என்று நினைக்க ஒரு வாத்தியாரம்மாவுக்குத்தான் தோன்றும். படித்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது.

அதே அயர்லாந்தில் அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1937 முதல் 1939 வரை, இன்னொரு பெரிய வேலை நடந்தது. அரசின் நாட்டார் வழக்காற்று ஆணையம் தொடக்கப் பள்ளிகளிடம் ஒரு பொறுப்பைக் கொடுத்தது. மேல் வகுப்புப் பிள்ளைகள் வீட்டில் தாத்தா பாட்டியிடமும் அக்கம்பக்கத்துப் பெரியவர்களிடமும் கேட்டு, ஊர்க் கதை, வைத்தியம், விளையாட்டு, பண்டிகை எல்லாவற்றையும் நோட்டில் எழுதி வர வேண்டும். ஏறக்குறைய 5,000 பள்ளிகள், 50,000 பிள்ளைகள். அந்த நோட்டுகள் இன்று இணையத்தில் கிடைக்கின்றன. பிள்ளைகளின் கையெழுத்தில், அடித்தல் திருத்தலோடு.

அதில் ஹாலோவீன் பற்றி ஏராளமாக எழுதியிருக்கிறார்கள். ஆப்பிளைக் கயிற்றில் தொங்கவிட்டு, கையைத் தொடாமல் வாயால் கடிப்பது. நம் பள்ளி ஆண்டு விழாவில் பன் கடிக்கும் போட்டி வைப்போமே, அதேதான். தொட்டித் தண்ணீரில் மிதக்கும் ஆப்பிளைப் பல்லால் எடுப்பது. பார்ம்பிராக் என்னும் உலர்பழ ரொட்டிக்குள் மோதிரம், காசு, துணித்துண்டு வைத்துச் சுடுவது. மோதிரம் வந்தவருக்குக் கல்யாணம், காசு வந்தவருக்குப் பணம், துணி வந்தவர் பாடு திண்டாட்டம். இவையெல்லாம் புத்தகம் எழுதியவர்கள் சொன்னதைவிடப் பத்து வயதுப் பிள்ளைகள் எழுதியதால் நமக்கு நன்றாகத் தெரிகின்றன.

*

1845-இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்தது. அடுத்த ஏழு ஆண்டுகளில் சுமார் பத்து லட்சம் பேர் பசியிலும் நோயிலும் செத்தார்கள். இன்னொரு பத்து லட்சத்துக்கு மேல் கப்பல் ஏறினார்கள். பெரும்பகுதி அமெரிக்காவுக்கு. மூட்டையில் அதிகம் எதையும் கொண்டுவர முடியாதவர்கள் பழக்கங்களைக் கொண்டுவந்தார்கள்.

இங்கே வந்து பார்த்தால் டர்னிப்பைவிடப் பல மடங்கு பெரிய, குடைய வாகான, இயற்கையிலேயே உள்ளே பாதி வெற்றிடமாக இருக்கும் ஒரு காய். பரங்கி அமெரிக்கக் கண்டத்துக்காய். நமக்கே அது ஐரோப்பியர்கள் வழியாக வந்ததுதான், பெயரிலேயே 'பரங்கி' இருக்கிறது பாருங்கள். இந்தக் காயில் முகம் செதுக்கும் விளையாட்டு அமெரிக்கப் பையன்களிடம் முன்பே இருந்தது. ஜான் கிரீன்லீஃப் விட்டியர் என்ற கவிஞர் 1850 வாக்கில் பரங்கியைப் பற்றி எழுதிய கவிதையில் அது வருகிறது. ஆனால் அந்தக் கவிதை நன்றி கூறும் நாளுக்கானது. பரங்கி விளக்கு ஹாலோவீனோடு சேர்ந்தது அதற்குப் பிறகு.

இந்த இடத்தில் பலருக்கு நம்மூர் திருஷ்டிப் பூசணி நினைவு வரும். எனக்கும் வந்தது. கட்டுகிற வீட்டில் மீசையும் கோரைப் பல்லுமாக அரக்கன் முகம் வரைந்து தொங்கும் அந்தப் பூசணி. இரண்டுக்கும் வரலாற்றுத் தொடர்பு எதுவும் கிடையாது. வாட்ஸ்அப்பில் அப்படி யாராவது அனுப்பினால் நம்பாதீர்கள். பயத்துக்கு ஒரு முகம் வரைந்து வாசலில் வைக்கும் யோசனை மட்டும் மனிதர்களுக்குப் பல இடங்களில் தோன்றியிருக்கிறது.

*

இனிதான் முக்கியமான பகுதி. 1900-ஐ ஒட்டிய அமெரிக்க ஊர்களில் ஹாலோவீன் சின்னக் குழந்தைகளின் விழாவாக இருக்கவில்லை. வளர்ந்த பையன்களின் அட்டகாச இரவாக இருந்தது. வீட்டுக் கேட்டைக் கழற்றிக்கொண்டு போவது, கடை ஜன்னல்களில் சோப்பால் கிறுக்குவது, கொல்லைப்புறக் கழிப்பறையைத் தள்ளிவிடுவது, குதிரை வண்டியைப் பிரித்துக் கூரைமேல் ஏற்றிப் பூட்டி வைப்பது. நகரங்கள் பெரிதாகப் பெரிதாக இது சேட்டையைத் தாண்டி நாசமாகிப் போனது. 1930-களின் பொருளாதார மந்த காலத்தில் இன்னும் மோசம்.

என்ன செய்யலாம்? போலீஸை விடலாம், தடை போடலாம். சில ஊர்கள் வேறு மாதிரி யோசித்தன. மினசோட்டா மாநிலத்தில் அனோகா என்று ஒரு சிற்றூர். ஒரு ஹாலோவீன் மறுநாள் காலையில் எழுந்து பார்த்தால் மாடுகள் கடைத்தெருவில் திரிகின்றன, ஜன்னலெல்லாம் சோப்பு. ஊர்ப் பெரியவர்கள் கூடி 1920-இல் பள்ளிப் பிள்ளைகளை வைத்து ஒரு ஊர்வலம் நடத்தினார்கள். வேஷம் போட்டு வா, நட, முடிவில் பொரியும் வேர்க்கடலையும் மிட்டாயும் உண்டு. வேஷம் தைப்பதிலும் ஒட்டுவதிலும் ஒரு வாரம் ஓடிப்போகும், இரவு களைத்துத் தூங்கிப்போவார்கள் என்ற கணக்கு. அனோகாவில் அந்த ஊர்வலம் இன்றும் நடக்கிறது. 1937-இல் அந்த ஊர்ப் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவனை, தங்கள் ஊரை உலகின் ஹாலோவீன் தலைநகர் என்று அறிவிக்கக் கேட்டு, வாஷிங்டன் வரை அனுப்பிவைத்தார்கள்.

வேறு சில ஊர்களில் கடைக்காரர்களும் பள்ளிகளும் சேர்ந்து, அதே ஜன்னல் கண்ணாடியில் பிள்ளைகளையே சாயத்தால் படம் வரையச் சொல்லிப் பரிசு கொடுத்தார்கள். சோப்பால் கிறுக்க வந்த கையில் தூரிகையைக் கொடுத்துவிட்டார்கள். தான் வரைந்த படத்தின்மேல் எவன் சோப்பு பூசுவான்? வகுப்பறையில் சேட்டைக்காரனை லீடராக்கும் அதே வித்தை.

மிட்டாய் கேட்டு வீடு வீடாகப் போகும் இன்றைய வழக்கமும் இந்தச் சமரசத்தின் பிள்ளைதான். 'மிட்டாய் கொடு, இல்லையேல் சேட்டை' என்ற பொருள் தரும் அந்த வாசகம் 1920-களில் கனடா நாளிதழ்களில் தென்படுகிறது. இரண்டாம் உலகப் போரில் சர்க்கரைக்கு ரேஷன் வந்ததால் அடங்கிக் கிடந்து, போர் முடிந்தபின் நாடெங்கும் பரவியது.

*

சரி, கையில் கத்தரியும் காகிதமும் பசையும் கொடுத்தால் பிள்ளை அடங்கும், வளரும் என்று யார் கண்டுபிடித்தது? ஆசிரியர் பயிற்சி முடித்தவர்கள் உடனே பதில் சொல்லிவிடுவார்கள். ஃப்ரோபெல். நாங்கள் பயிற்சிப் பள்ளியில் 'கிண்டர்கார்டன் – ஃப்ரோபெல்' என்று இரண்டு மதிப்பெண்ணுக்கு மனப்பாடம் செய்த அதே ஃப்ரோபெல்தான். 1837-இல் ஜெர்மனியின் பிளாங்கன்பர்க் ஊரில் சிறு குழந்தைகளுக்கான தன் நிலையத்தைத் தொடங்கி, 1840-இல் அதற்குக் 'குழந்தைகளின் தோட்டம்' என்று பெயர் வைத்தார். இளவயதில் வனக்காவலர் ஒருவரிடம் தொழில் பழகியவர். காகிதம் மடித்தல், வெட்டுதல், ஊசியால் துளையிடுதல், பின்னுதல், களிமண் பிசைதல், ஊறவைத்த பட்டாணியில் குச்சி செருகி உருவம் செய்தல் எல்லாவற்றையும் பாடமாகவே வகுத்தார். 1851-இல் பிரஷ்ய அரசு இந்தப் பள்ளிகளை ஆபத்தானவை என்று தடை செய்தது. மறு ஆண்டு அவர் இறந்துபோனார். தடை நீங்கியதைப் பார்க்கவில்லை.

ஆனால் அவரிடம் கற்றவர்கள் கடல் கடந்துவிட்டார்கள். மார்கரெத்தே ஷுர்ட்ஸ் என்ற பெண்மணி 1856-இல் விஸ்கான்சின் மாநிலத்து வாட்டர்டவுனில் தன் வீட்டிலேயே ஜெர்மன் மொழியில் ஒரு கிண்டர்கார்டன் நடத்தினார். எலிசபெத் பீபடி 1860-இல் பாஸ்டனில் ஆங்கிலத்தில் தொடங்கினார். மில்டன் பிராட்லி என்ற விளையாட்டுப் பொருள் தயாரிப்பாளர் வண்ணக் காகிதங்களையும் மரக்கட்டைகளையும் பள்ளிகளுக்காகத் தயாரித்து விற்றார். இப்படி அயர்லாந்துப் பேய் இரவும் ஜெர்மன் காகித மடிப்பும் அமெரிக்க வகுப்பறையில் சந்தித்துக்கொண்டன.

மூன்றாவதாக வந்து சேர்ந்தது வியாபாரம். அந்தக் கதை நான் இப்போது உட்கார்ந்திருக்கும் இந்தப் பக்கத்துக் கதை. ஃப்ரேமிங்ஹாமில்தான் டென்னிசன் கம்பெனியின் பெரிய ஆலை இருந்தது. ஆண்டு விழாக்களில் பூ செய்வோமே சுருக்கம் சுருக்கமான கிரேப் காகிதம், அதைச் செய்தவர்கள். காகிதம் விற்க வேண்டுமே, 1909-இல் ஒரு சின்னப் புத்தகம் போட்டார்கள். பெயரைத் தமிழில் சொன்னால் 'பூச்சாண்டிப் புத்தகம்'. ஆரஞ்சும் கறுப்புமான காகிதத்தில் பூனை எப்படி வெட்டுவது, சூனியக்காரி தொப்பி எப்படிச் சுருட்டுவது, பிள்ளைகளுக்கு உடை எப்படித் தைப்பது, என்ன விளையாட்டு வைப்பது, எல்லாம் படத்தோடு. 1912 முதல் ஏறக்குறைய ஆண்டுதோறும் வந்தது. இன்று ஹாலோவீன் என்றால் ஆரஞ்சும் கறுப்பும் என்று உலகமே நினைப்பதில் இந்தப் புத்தகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. வியாபாரம்தான், மறுக்கவில்லை. ஆனால் காகிதத்தை வாங்கியவர்கள் வீட்டில் உட்கார்ந்து வெட்ட வேண்டியிருந்தது. 1950-களில் பெட்டியில் அடைத்த ஆயத்த உடையும் முகமூடியும் மலிந்தபிறகு வெட்டும் வேலையும் குறைந்துவிட்டது.

அதே 1950-இல் இன்னொரு ஆசிரியை. ஃபிலடெல்ஃபியாவில் மேரி எம்மா ஆலிசன் என்பவரும் அவர் கணவரான பாதிரியாரும் ஒரு காரியம் செய்தார்கள். காலியான பால் அட்டைப் பெட்டிகளைப் பிள்ளைகளை வைத்து அலங்கரித்து, மிட்டாயோடு காசும் கேளுங்கள், யூனிசெஃப் மூலம் உலகப் பிள்ளைகளுக்கு அனுப்பலாம் என்றார்கள். முதல் ஆண்டு சேர்ந்தது 17 டாலர். இன்றுவரை அது பல கோடி டாலராகிவிட்டது. தொடங்கியது பால் பெட்டியில் காகிதம் ஒட்டியதில்தான்.

*

இப்போது இங்கே சின்னப் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று கேட்பீர்கள். எல்லாக் குடும்பமும் ஹாலோவீனை ஏற்பதில்லை. மதக் காரணம் உண்டு, குழந்தை பயப்படும் காரணமும் உண்டு. அதனால் பல பள்ளிகள் பேயை விட்டுவிட்டு, இலையும் பரங்கியுமாக இலையுதிர் கால விழா என்று நடத்துகின்றன. நான் பார்த்தவற்றில் நம் பால்வாடி, ஒன்றாம் வகுப்பு ஆசிரியர்களுக்குப் பயன்படுவதைச் சொல்கிறேன்.

உதிர்ந்த இலையைக் காகிதத்துக்கு அடியில் வைத்து, மேலே கிரேயானைப் படுக்கவைத்துத் தேய்ப்பது. நரம்பு நரம்பாக இலை எழுந்து வரும். நம் ஊரில் அரச இலை, பூவரசு இலை போதும். இரண்டு மெழுகுக் காகிதத்துக்கு நடுவே இலையை வைத்துப் பெரியவர்கள் இஸ்திரி போட்டுக் கொடுத்தால் நிறம் மாறாமல் பல நாள் ஜன்னலில் தொங்கும். இலை ஏன் நிறம் மாறுகிறது என்று அப்போதே சொல்லலாம். பகல் குறையக் குறைய மரம் பச்சையம் தயாரிப்பதை நிறுத்துகிறது. பச்சை போனதும், முதலிலிருந்தே இலைக்குள் ஒளிந்திருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. மேப்பிள் போன்ற மரங்களின் சிவப்பு மட்டும் அந்தக் காலத்தில் புதிதாக உண்டாகிறது.

பரங்கியைப் பிள்ளை கத்தியால் வெட்ட முடியாது. அதனால் கோல்ஃப் பந்தை நிறுத்தி வைக்கும் சின்ன முளைகளை, மரச் சுத்தியலால் பரங்கியில் அடிக்கவிடுகிறார்கள். மூன்று வயதுக் கைக்கு அது எவ்வளவு பெரிய ஆனந்தம்! உள்ளே இருக்கும் கொழகொழப்பைக் கையால் அள்ளி விதையைப் பிரித்து, பத்துப் பத்தாக அடுக்கி எண்ணுவது. கணக்கு வகுப்பு முடிந்தது. காகிதத் தட்டில் சிலந்தி செய்தால் கால் எட்டு, ஒரு பக்கம் நான்கு. வெள்ளைச் சாயத்தில் பாதத்தைப் பதித்துத் தலைகீழாகத் திருப்பினால் குதிகால் தலையாகி ஒரு பேய். தன் காலே பேயாகிவிட்டதைப் பார்த்து என் பேத்தி உருண்டு சிரித்தாள்.

ஒரு குறையும் சொல்ல வேண்டும். வேறொரு பள்ளி வராந்தாவில் இருபது வௌவால் தொங்கியது. இருபதும் அச்சில் வார்த்தது போல் ஒன்று. டீச்சர் வெட்டி, டீச்சர் கோடு போட்டு, பிள்ளை ஒட்ட மட்டும் செய்திருக்கிறது. பெற்றோர் பார்க்க அழகு. என் காலத்தில் நானும் ஆண்டு விழாவுக்கு அப்படித்தான் செய்தேன். மூன்று கண் வௌவால் எங்கள் சுவரில் ஏறியிருக்காது, நானே ஒரு கண்ணைக் கிழித்திருப்பேன்.

*

கிழித்தும் இருக்கிறேன். அதுதான் சொல்ல வேண்டிய கதை.

1989 ஐப்பசி. நான் வேலை பார்த்த ஒரு கிராமத்துப் பள்ளி. மூன்றாம் வகுப்பு. வெளியே அடைமழை. ஏ.இ.ஓ. பார்வையிட வருகிறார் என்று தகவல். எனக்குப் பதற்றம். அந்த நேரம் பார்த்துப் பின் வரிசையில் கூச்சல். ஒரு பையன் முகமூடி மாட்டிக்கொண்டு நிற்கிறான். சோப்பு அட்டைப் பெட்டியை வெட்டிச் செய்தது. கரியால் புருவம், தேங்காய் நாரில் மீசை, குங்குமம் தடவிய நாக்கு. இன்று நினைத்தால் எவ்வளவு நேர்த்தி! அன்று எனக்குத் தெரிந்தது சத்தம் மட்டும்.

பிடுங்கினேன். வகுப்பு முன்னாலேயே நாலாகக் கிழித்துக் குப்பைத் தொட்டியில் போட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். "இதெல்லாம் எதுக்குடா செஞ்ச?" என்று அதட்டினேன்.

தலையைக் குனிந்துகொண்டே சொன்னான். "ராத்திரி வெளிய போகணும்னா புளியமரத்தத் தாண்டித்தான் போகணும் டீச்சர். இத மாட்டிட்டுப் போனா பேய் என்னயும் அதோட ஆளுன்னு நெனச்சு விட்டுரும்."

வகுப்பு இன்னும் பலமாகச் சிரித்தது. நானும் சிரித்தேன் என்று சொல்லவே கூசுகிறது.

சௌவின் இரவு பற்றிப் படித்த அன்று நூலகத்தில் என்னால் மேலே படிக்க முடியவில்லை. ஒரு நாடே நூற்றாண்டுகளாகச் செய்துவந்ததை, எந்தப் புத்தகமும் படிக்காத எட்டு வயதுப் பையன் தன் பயத்திலிருந்து தானே கண்டுபிடித்திருக்கிறான். வீட்டில் கழிப்பறை இல்லை, வழியில் புளியமரம், துணைக்கு ஆள் இல்லை. அவன் கையில் இருந்தது ஒரு அட்டைப்பெட்டியும் கரியும். அதை வைத்துத் தன் இருட்டைத் தானே சமாளித்துக்கொண்டிருந்தான். நான் அதைக் கிழித்துவிட்டு அவனை அந்த மரத்துக்கு அடியில் வெறும் முகத்தோடு அனுப்பினேன். மறுநாள் அவன் பள்ளிக்கு வரவில்லை. வந்தபிறகும் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அன்று வாத்தியார்கள் பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்கும் வழக்கம் இல்லை.

'பேய் பிசாசு எல்லாம் கிடையாது, பயப்படாதே' என்று முப்பத்தைந்து வருடம் பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன். அது உண்மைதான். ஆனால் நான்கு வயதுக் குழந்தையின் பயம் வாதத்தில் போவதில்லை. கையில் கொஞ்சம் பசையும் காகிதமும் கொடுத்து, 'உன் பேய் எப்படி இருக்கும், செய்து காட்டு' என்றால் அதற்குக் கண் எத்தனை, பல் எத்தனை என்று அதுவே முடிவு செய்கிறது. முடிவு செய்தபின் பேய் அதன் சொல்லுக்குக் கட்டுப்பட்டது. டொனகல் ஆசிரியை காப்பாற்றிய டர்னிப், அனோகா ஊர்வலம், ஜன்னலில் வரைந்த படம் எல்லாவற்றிலும் பெரியவர்கள் செய்தது இதைத்தான். பயத்தையும் சேட்டையையும் தடை போட்டு அடக்காமல், அதற்குச் செய்ய ஒரு வேலை கொடுத்தார்கள்.

இன்று சாயங்காலம் நானும் பேத்தியும் பரங்கி குடைந்தோம். மேல் மூடியை மகள் வெட்டிக் கொடுத்தாள். முகத்தைப் பேத்தி வரைந்தாள். மூன்று கண்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை, வரைந்த கோட்டிலேயே வெட்டினேன். விதையைக் கழுவி, உப்பும் மிளகாய்த்தூளும் போட்டு வறுத்துத் தின்றோம். செதுக்கும் பரங்கி பெரிதாக இருக்குமே தவிர நார் நாராக ருசியில்லாமல் இருக்கும், கூட்டுக்குச் சின்னப் பரங்கிதான் சரி. மெழுகுவத்தி வேண்டாம், காகிதமும் துணியும் பக்கத்தில் இருக்கும் என்று பேட்டரி விளக்கு வைத்தோம்.

இருட்டியதும் விளக்கைப் போட்டுவிட்டு வாசலில் உட்கார்ந்தோம். அவள் என் மடியில் இருந்தாள். தெருவில் பெரிய பையன்கள் ரப்பர் முகமூடியோடு போனார்கள். என் கையைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தாள். ஆனால் முகத்தைப் புதைக்கவில்லை.

மூன்றாம் வகுப்பில் பின் வரிசையில் உட்கார்ந்திருந்த அந்தப் பையனுக்கு இப்போது நாற்பது வயதைத் தாண்டியிருக்கும். இதைப் படிக்கிறானோ இல்லையோ, டீச்சரை மன்னித்துவிடப்பா. உன் முகமூடி நன்றாக இருந்தது.

பணியில் இருக்கும் ஆசிரியத் தம்பி தங்கைகளே, மழைக்காலம் வருகிறது. பிள்ளைகள் எதையாவது செய்துகொண்டு வருவார்கள். கிழிப்பதற்கு முன்னால் எதற்குச் செய்தாய் என்று கேளுங்கள். முழுப் பதிலையும் கேளுங்கள்.

நீங்கள் சின்ன வயதில் எதைப் பார்த்துப் பயந்தீர்கள், அந்தப் பயத்தை எப்படிக் கடந்தீர்கள் என்று எழுதுங்கள். நிதானமாக எல்லாவற்றையும் படிக்கிறேன். இங்கே இரவு சீக்கிரம் வந்துவிடுகிறது.